இரண்டரை மரை

ஐடிலில் நிற்க மாட்டேன் என்கிறது பச்சை லாரி.
ஏறுகிறது, இறங்குகிறது, மறுபடி ஏறுகிறது,
காய்ச்சல்காரன் போர்வைக்குள் புரளுவதுபோல.
ஒரு ஊதலில் கரும்புகை,
அடுத்ததில் ஒன்றுமில்லை.

சங்ககிரி மலைமேல் வெயில் ஏறுமுன்னே
அத்தாயியம்மா பட்டறை வாசலில்.
லாரி அவருடையது.
டிரைவர் நல்லமுத்து வண்டியைவிட்டு இறங்கவேயில்லை.
"போன மாசம் நீங்கதானுங்க பார்த்தீங்க.
நாலாயிரத்து இருநூறு வாங்குனீங்க.
பவானி இறக்கத்துல காலை எடுத்தாலும்
அடங்க மாட்டேங்குதுங்க அது."
கோழி எரு ஏற்றிய நாற்றம் பாடியில் இன்னும்.
டெயில்போர்டெல்லாம் ஈ.

போன மாதம்
நாசில் ஆறையும் கழற்றி ஈரோட்டுக்கு அனுப்பினேன்.
டைமிங் பார்த்தேன்.
எஞ்சினை மண்ணெண்ணெய் விட்டுக் கழுவினேன்.
அப்படியும் தள்ளாடியதால்
ஐடில் திருகை மெல்ல வெளியே எடுத்து
சத்தம் சமமாகிற இடத்தில் நட்டை இறுக்கினேன்.
சத்தம் சமமாகத்தான் இருந்தது,
பணத்தை எண்ணுகிற வரைக்கும்.

இந்தப் பழைய எஞ்சினில்
டீசலுக்கு அளவு சொல்வது காற்று.
காற்றுகூட இல்லை, காற்றின் குறைவு.
பட்டர்பிளை மூடும்போது ஒரு இழுப்பு பிறக்கும்.
சுண்டுவிரல் கனக் குழாய் வழியே பம்புக்குப் போய்
ஒரு தோல் வட்டத்தைப் பிடித்திழுக்கும்.
ரேக் பின்வாங்கும். டீசல் குறையும்.
வேக்கம் என்போம் நாங்கள்.
இல்லாத ஒன்று
எட்டு டன்னை அடக்கிவைத்திருக்கிறது.

குழாயைக் கழற்றினேன்.
ஸ்டாப் லீவரை இழுத்துப் பிடித்து
பம்பின் துளையைக் கட்டைவிரலால் அடைத்து
லீவரை விட்டேன்.
அன்சர் எண்ணினான்.
டயாப்ரம் கிழிந்திருந்தால் லீவர் திரும்பிவிடும்.
விரலைக் கவ்வி உறிஞ்சியது பம்பு,
கன்றுக்குட்டி வாய்போல.
பதினைந்து வரை எண்ணியும் அசையவில்லை.
டயாப்ரம் நன்றாக இருக்கிறது.
எனக்கு அது பிடிக்கவில்லை.
கிழிந்திருந்தால் புதுசு ஒன்று, புது பில் ஒன்று,
யார்மேலும் தப்பில்லை.

மிச்சமிருப்பது குழாய்.
ஒரு முனையை அடைத்து
பஞ்சர்த் தொட்டியில் முக்கி, வாயால் ஊதினேன்.
நாக்கில் செம்பும் டீசலும்.
கிளாம்புக்கு அடியிலிருந்து
கடுகு கடுகாய்க் குமிழி.

கிளாம்பை எடுத்தால்,
அதிர்ந்து அதிர்ந்து தேய்ந்த இடத்தில் முடியளவு வெடிப்பு.
வெடிப்பின் இடுக்கில்
கல்லாய்ப் போன மஞ்சள் சோப்பு.

நல்லமுத்து இப்போது இறங்கி வந்தான்.
"ரெண்டு வருசமா நாந்தானுங்க பூசி வெச்சிருந்தன்.
கொஞ்சம் தள்ளாடும், ஆனா புடிச்சுக்கிட்டிருந்துச்சு.
நீங்க மண்ணெண்ணெய் போட்டுக் கழுவுனீங்க பாருங்க,
அதோட போச்சு."
அத்தாயியம்மா அவனைப் பார்த்தார்.
பிறகு என்னைப் பார்த்தார்.
அன்சருக்குத் திடீரென்று
ஸ்பானர் பெட்டியில் வேலை வந்துவிட்டது.

புதுக் குழாய் வளைத்து மாட்டினேன்.
எஞ்சின் இப்போது இறங்கி இறங்கி
அணையப் பார்த்தது.
திருகு.
நட்டைத் தளர்த்தி உள்ளே விட்டேன்,
ஒன்று, இரண்டு, அப்புறம் அரை.
என் கையால் எடுத்த அதே இரண்டரை மரை.
"அது என்னத்துக்குங்க திருப்பறீங்க?"
"காத்துக்குங்க" என்றேன்.
பொய்யில்லை. முழுசும் இல்லை.

நின்றது லாரி, ஒரே மூச்சில்.
பானட் மேல் வைத்த டீ டம்ளரில்
வட்டம்கூடப் பெரிதாய் விழவில்லை.
பின்தெருவில் தறி ஓடுவது கேட்டது.

"எவ்வளவுங்க?"
"குழாய்க்கு நூத்தியெண்பது."
"கூலி?"
"அது போன மாசமே வாங்கிட்டனுங்க."

அத்தாயியம்மா சிரிக்கவில்லை.
நூற்றெண்பதை எண்ணி வைத்துவிட்டு
சுருக்குப் பையை மூடாமல் நின்றார்.
"அப்ப மீதி எங்கீங்க?"